விண்ணப்பத் தாளில் ஒரு கேள்வி

சிறுவர் சங்கம் ஒன்றில் சேர வரும் பிள்ளையிடம் நாம் எவற்றையெல்லாம் கேட்கலாம்? பெயர், வயது, படிக்கும் வகுப்பு, பெற்றோர் பெயர், வீட்டு விலாசம் ஆகியவற்றைக் கேட்பதில் எவருக்கும் தடையில்லை. "நீ கடவுளை நம்புகிறாயா? நம்பினால், எந்தக் கடவுளை?" என்று கேட்கலாமா என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கேட்டால், ஒன்பது வயதுப் பிள்ளை சொல்லும் விடையை எந்த அளவுக்கு விடையாகக் கொள்வது? கேளாது விட்டால், விசுவாசத்தையே உயிர்நாடியாகக் கொண்ட ஒரு சபைக்கு அதன்பின் என்ன பொருள் எஞ்சும்?

நம்மைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இக்கேள்வி இருபுறமும் கருக்குள்ள பட்டயம். பங்கில் நடைபெறும் சபைகளுக்கு நாம் வாயிற்காவலர். பள்ளியிலும் ஊர் மன்றத்திலுமோ நம் பிள்ளைகளே வாயிலில் நிற்பவர்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி புதுச்சேரி ஒன்றியப் பகுதி முழுவதிலும் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஆறு பேருக்குச் சற்றே அதிகம். நெட்டப்பாக்கம் கொம்யூனைப் போன்ற சிற்றூர்ப் பகுதிகளில், நெல்வயலுக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் இடையே, நம்மவர் வீடுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே உள்ளன. ஒரு வரப்பைத் தாண்டினால் தமிழ்நாடு, இன்னொரு வரப்பைத் தாண்டினால் மறுபடியும் புதுச்சேரி என்று எல்லைகள் பின்னிக் கிடக்கும் இம்மண்ணில், எவர் வீட்டுப் பிள்ளையும் எவர் வீட்டுத் திண்ணையிலும் விளையாடும். வேறுபாடு தெரிய வருவது ஒரு விண்ணப்பத் தாள் நீட்டப்படும்போதுதான்.

உலகெங்கும் இக்கேள்வியைச் சந்தித்த சிறுவர் இயக்கங்களுள் முதலிடம் பெறுவது சாரணர் இயக்கம். பேடன் பவல் 1907-இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் சிறுவர் சிலருடன் பாசறை நடத்தி, மறு ஆண்டே அதற்கெனச் சட்டமும் வாக்குறுதியும் வகுத்தார். கடவுளுக்கும் அரசருக்கும் ஆற்றவேண்டிய கடமையைச் செய்வேன் என்பது அவ்வாக்குறுதியின் முதற் பகுதி. 1909 முதல் நம் நாட்டிலும் சாரணர் படைகள் அமைந்தன. எனினும் ஆரம்பத்தில் அவை ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியனவாக இருந்தன. கடவுளை நம்புகிறாயா என்று கேட்குமுன்பே, உன் தோல் என்ன நிறம் என்று அந்த வாயில் கேட்டுவிட்டது! முதல் உலகப் போர்க் காலத்தில் அன்னி பெசன்ட் அம்மையாரும் ஜி. எஸ். அருண்டேலும் சென்னையில் இந்தியச் சிறுவர்க்கெனத் தனிச் சாரணர் சங்கம் கண்டனர். அச்சிறுவர்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு இந்தியப் பாடல்களைப் பாடிச் சென்றனராம். விடுதலைக்குப் பிறகு, 1950 நவம்பர் 7 அன்று, பிரிந்து கிடந்த சங்கங்கள் ஒன்றாகிப் பாரத சாரணர் இயக்கம் உருவாயிற்று. அடுத்த ஆண்டு ஆகஸ்டு 15 அன்று சாரணியரும் அதில் இணைந்தனர்.

அவ்வியக்கம் தன் வாக்குறுதியில் செய்துகொண்ட ஓர் ஏற்பாட்டைப் பெற்றோர் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். 'அரசர்' போய் 'நாடு' வந்தது இயல்பு. 'கடவுள்' என்னும் சொல் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆயின் அதனடியில் ஒரு குறிப்பு சேர்ந்தது: விரும்புகிறவர்கள் 'கடவுள்' என்பதற்குப் பதிலாகத் 'தர்மம்' என்று சொல்லலாம். ஒரே ஒரு சொல்தான். படைத்தவன் ஒருவனைப் பற்றிப் பேசாத சமண, பௌத்தக் குடும்பத்துப் பிள்ளையும், கடவுளே இல்லையென்னும் வீட்டுப் பிள்ளையும் பொய் சொல்லாமல் உள்ளே வர அது வழி திறந்துவிட்டது.

நாம் பள்ளி ஒன்றில் சில ஆண்டுகள் சாரணர் படையைக் கவனித்து வந்தோம். அப்போது இந்த ஒற்றைச் சொல்லின் அருமையை நேரிற் காண நேர்ந்தது. படையில் சேர வந்த மாணவன் ஒருவனின் குடும்பம் சுயமரியாதைக் கொள்கையில் ஊறிய குடும்பம். பாவேந்தர் பாரதிதாசனைத் தந்த புதுச்சேரியில் அத்தகைய குடும்பங்கள் புதியன அல்ல. பையனுக்குச் சீருடையின் மேலும், கழுத்தில் கட்டும் துணியின் மேலும், கயிற்று முடிச்சுகளின் மேலும் அடங்காத ஆசை. தந்தையோ பள்ளிக்கே வந்துவிட்டார். "சார், அவன் வரட்டும், எனக்குச் சந்தோசம்தான். ஆனா மனசுல இல்லாததை வாயால சொல்லிட்டுத்தான் சீருடை போடணும்னா, அந்தச் சீருடை வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார். கறுப்புச் சட்டைக்காரரான அவரும், நாம் ஞாயிறுதோறும் மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் எட்டாம் கட்டளையும் இவ்விடத்தில் ஒரே வரிசையில் நின்றதை எண்ணி உள்ளூர வியந்தோம். அடிக்குறிப்பைக் காட்டினோம். சின்னஞ்சூட்டு விழாவன்று மற்றவர்கள் 'கடவுள்' என்றபோது அவன் 'தர்மம்' என்றான். கொடி அசைந்தது; வானம் இடிந்து விழவில்லை.

ஆனால் மறுநாள் நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். அவர் மகனும் அதே படையில் இருந்தான். "கடவுள் பேரையே சொல்லாத பையனோட என் பிள்ளை ஒரே கூடாரத்துல படுக்கணுமா? அப்படின்னா என் பிள்ளை சொன்னதுக்குத்தான் என்ன மதிப்பு?" என்று கேட்டார். முதற் கேள்விக்கு விடை எளிது. கூடாரத்தில் இரவெல்லாம் கூச்சலிட்டு ஒருவரையும் தூங்கவிடாத சிறுவர் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவன் அவருடைய செல்வப் புதல்வனே. 'தர்மம்' சொன்னவனின் குற்றமெல்லாம் சோற்றைக் கரிய விட்டது ஒன்றுதான். இரண்டாம் கேள்வி ஆழமானது. சொல்லாமல் இருக்க வழியே இல்லாத இடத்தில் எல்லாரும் சொல்லும் சொல்லுக்கு என்ன விலை? தனக்கு இயலாததைச் சொல்லாதிருக்க ஒருவனுக்கு உரிமை இருந்தமையால்தான், மனமாரச் சொன்ன பிள்ளையின் சொல் சொல்லாயிற்று. அந்த அம்மையாருக்கு நாம் இவ்வாறே சொன்னோம். அவர் ஏற்றாரா என்பது வேறு. மகனை மட்டும் படையிலிருந்து நிறுத்தவில்லை.

கடவுளோடு நாட்டையும் சேர்த்துச் சொல்லும் அவ்வாக்குறுதியைப் பற்றி எம்மூர்ப் பெரியவர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு: "கடவுள் மாறல தம்பி, நாடுதான் எங்களுக்கு மாறிச்சு." பிரெஞ்சுக் கொடியின் கீழ்ப் படித்த தலைமுறை அவருடையது. 1954 மார்ச்சு 31 அன்று நெட்டப்பாக்கத்தில் இந்தியக் கொடி ஏற்றப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய மக்கட் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். எட்டுப் பேர் மறுத்து வாக்களித்தனர். அந்த எட்டுப் பேரையும் 'ஆம்' என்று சொல்லியே தீரவேண்டும் என்று எவரும் நிர்ப்பந்தித்திருந்தால், மற்ற 170 வாக்குகளுக்கு என்ன பெருமை இருந்திருக்கும்?

இதே கேள்வியை மற்ற நாடுகள் எவ்வாறு தீர்த்தன என்பதையும் சுருங்கச் சொல்லிவிடுவோம். நம் புதுச்சேரிக்கு உறவுடைய பிரான்சு நாட்டில் வாயிலையே பலவாக்கினர். சமயச் சார்பற்ற சிறுவர்க்கு 1911 முதல் ஒரு சங்கம். புரோட்டஸ்டாண்டு பிள்ளைகளுக்கு இன்னொன்று. 1920-இல் சேசுசபைக் குரு ஜாக் செவேன் முன்னின்று கண்ட கத்தோலிக்கச் சாரணர் சங்கம் மற்றொன்று. இங்கிலாந்தில் சாரணியர் சங்கம் 2013-இல் கடவுளைக் குறிக்கும் சொல்லையே வாக்குறுதியிலிருந்து எடுத்துவிட்டது. சாரணர் சங்கமோ சொல்லை வைத்துக்கொண்டு, நம்பிக்கையில்லாதவர்க்கென மாற்று வாக்குறுதி ஒன்றை 2014 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் கடவுளைச் சொல்ல மறுத்த ஏழு வயதுச் சிறுவன் சேர்க்கப்படாததால் எழுந்த வழக்கில், தன் உறுப்பினரைத் தெரிந்தெடுக்கத் தனியார் சங்கத்துக்கு உரிமையுண்டு என்று 1993-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறிற்று. ஏழு வயதுப் பிள்ளையின் கடவுட் கொள்கை நீதிமன்றப் படியேறியதை எண்ணினால் நமக்குச் சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. இவற்றுள் எதைவிடவும் நம் நாட்டார் 1950-களில் வந்தடைந்த வழியே பண்புடையது என்பது நம் எண்ணம். அது சொல்லையும் அகற்றவில்லை. சொல்ல இயலாதவனையும் அகற்றவில்லை.

நிற்க. சாரணர் இயக்கம் எல்லார்க்கும் பொதுவானது. நம் பங்கின் சபைகள் அவ்வாறல்லவே! அங்கும் 'தர்மம்' என்று சொல்லிவிட்டு உள்ளே வரலாம் என்று ஏற்பாடு செய்ய முடியுமா?

திருப்பாலத்துவ சபையை எடுத்துக்கொள்வோம். பிரான்சு நாட்டின் நான்சி மறைமாவட்ட ஆயர் ஷார்ல் தெ ஃபோர்பேன் ஜான்சோன் 1843-இல் தொடங்கிய சபை இது. விசுவாசப் பரப்புதலுக்காக உழைத்த லியோன் நகரப் பெண்மணி பொலின் ஜாரிக்கோவிடம் கலந்து பேசிய பின்னரே அவர் இதனைத் தொடங்கினார். சிறுவர்களிடம் அவர் கேட்டது இரண்டே: நாளொன்றுக்கு ஒரு மங்கள வார்த்தைச் செபம், மாதமொன்றுக்கு ஒரு சிறு காசு. சீனா முதலிய தூர தேசத்துப் பிள்ளைகளுக்காகப் பிரான்சின் பிள்ளைகள் அளித்த காசுகள் அவை. 1922-இல் அது பாப்பரசரின் நேரடி ஆதரவு பெற்ற சபையாயிற்று. நம் பங்குகளில் அச்சபையின் உண்டியலைச் சிறுவர்கள் குலுக்கிப் பார்ப்பதையும், அது கனமாயிருந்தால் மகிழ்வதையும் வாசகர்கள் கண்டிருப்பீர்கள்.

அந்த உண்டியலில் காசு போட எம்மூரில் ஒரு பிள்ளை வந்தான். மூன்றாம் வகுப்பு. ஞானஸ்நானம் பெறாத, நம் மதத்தைச் சேராத குடும்பம். தந்தையும் தாயும் கரும்பு வெட்டும் பருவத்தில் கரும்புக்கும், மற்ற நாளில் கிடைத்த வேலைக்கும் போகிறவர்கள். பக்கத்து வீட்டுத் தோழனோடு பூசை முடியும் நேரத்துக்கு வந்து, கோவில் தாழ்வாரத்தில் அமர்ந்து, மங்கள வார்த்தைச் செபத்தைக் காதாலேயே கேட்டு மனப்பாடம் செய்துவிட்டான். சபையில் சேர்வதற்கு உபதேசியார் அச்சிட்ட படிவம் கொடுத்தபோது தானும் ஒன்றை வாங்கிச் சென்று நிரப்பிக் கொண்டுவந்தான். 'ஞானஸ்நானம் பெற்ற நாள்' என்ற கட்டத்தில் தேதி ஒன்று எழுதப்பட்டிருந்தது. விசாரித்தால், அது அவன் பிறந்த நாள்! அச்சொல்லின் பொருள் தெரியாமல், கேள்வி கேட்டவர்க்கு விடை சொல்லாமல் விடுவது மரியாதையன்று எனக் கருதி, தனக்குத் தெரிந்த ஒரே தேதியை எழுதிவிட்டான்.

சபைக்குப் பொறுப்பாக இருந்தவர்கள் கூடிப் பேசினோம். பெரியவர் ஒருவர், "எழுதினது எழுதினதாகவே இருக்கட்டும். பிள்ளைதானே, எல்லாரோடும் சேர்ந்து வாக்குறுதியைச் சொல்லிட்டுப் போகட்டும். சொல்லச் சொல்ல விசுவாசம் தானா வரும்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆன்ம தாகத்தோடுதான் சொன்னார். மற்றொருவர் நேர் எதிராக, "வேண்டவே வேண்டாம். நாளைக்கு ஊரில் ஏதாவது பேச்சு வந்தால் யார் பதில் சொல்வது?" என்று அஞ்சினார். அவ்வச்சத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. வயதுக்கு வராதவர்களை மாற்றினால் கூடுதல் தண்டனை என்றும் அது கூறிற்று. 2004-இல் அரசே அதனைத் திரும்பப் பெற்றது. அச்சட்டம் புதுச்சேரிக்கு உரியதன்று. எனினும் வரப்புக்கு அப்பால் இருந்த உறவினர் அனைவரும் அந்த ஈராண்டும் அதைப் பற்றியே பேசியதை இவ்வூரார் மறக்கவில்லை. மறைக்கல்வி சொல்லித்தரும் ஆசிரியை ஒருவர் மட்டும் பேசாமல் இருந்துவிட்டு, கடைசியில் "முதலில் அவன் வீட்டில் கேட்டோமா?" என்றார்.

ஆகவே அவன் வீட்டுக்குச் சென்றோம். தந்தை கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு நம்மை உட்கார வைத்து, தாம் நின்றுகொண்டே பேசினார். "வாத்தியாரய்யா, புள்ள ஆசைப்படறான். நாலு சாமி இருக்கிற வீட்டுல அஞ்சாவதா ஒரு சாமி வந்தா எடமில்லாமயா போவும்? என்ன சொல்லச் சொல்றீங்களோ சொல்லட்டும்" என்றார். உள்ளிருந்த பாட்டியோ, "பேரை மாத்திடுவாங்கடா" என்று குரல் கொடுத்தார். தாய் ஒன்றும் சொல்லவில்லை. காப்பி கொண்டுவந்து வைத்தார். பையன் கதவோரம் நின்று எல்லாருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தந்தையின் சொல்லைக் கேட்டதும், வழி எளிதாகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அந்தத் தாராளமே நம் கையைக் கட்டிப்போட்டது. அவரைப் பொறுத்தவரை அது ஐந்தாவது விளக்கு. நம்மைப் பொறுத்தவரை விசுவாசப் பிரமாணம் என்பது மற்ற விளக்குகளோடு வைக்கும் இன்னொரு விளக்கன்று. நாம் எதைக் கேட்கிறோம் என்று அறியாமல் ஒருவர் கொடுப்பதை வாங்கிக்கொள்வது நேர்மையாகுமா? ஐந்து ரூபாய் என்று எண்ணி நூறு ரூபாய்த் தாளை நீட்டும் எழுத்தறியாதவரிடம், சரியென்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளும் கடைக்காரருக்கும் நமக்கும் என்ன வேறுபாடு? பாட்டிதான் விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டிருந்தார் என்று நமக்குப் பட்டது.

இதில் திருச்சபையின் மனம் எதுவென்பதில் ஐயத்துக்கு இடமில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7 அன்று வெளியிட்ட சமயச் சுதந்திரம் பற்றிய ஏட்டில், சமய விஷயத்தில் எந்த மனிதனையும் அவன் மனச்சாட்சிக்கு எதிராக நடக்கும்படி வற்புறுத்தலாகாது என்று கற்பித்தது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு 868-ஆம் சட்டத்தில், பெற்றோருள் ஒருவரேனும் இசையாமலும், அக்குழந்தை கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்க்கப்படும் என்ற உறுதியான நம்பிக்கை இல்லாமலும், ஞானஸ்நானம் கொடுத்தல் முறையன்று என்கிறது; மரண ஆபத்து மட்டுமே விலக்கு. நம் சொந்தப் பிள்ளைகளுக்கே நாம் எவ்வளவு பொறுமை காட்டுகிறோம் என்பதையும் நினைவுகூர வேண்டும். கைக்குழந்தையாக அதனை எடுத்துச் சென்று, பெற்றோரும் ஞானப் பெற்றோரும் அதற்காக விடை சொல்கிறோம். பின் புதுநன்மை, அதன்பின் உறுதிபூசுதல் என்று படிப்படியாக அப்பிள்ளை அந்த விடையைத் தன் விடையாக்கிக்கொள்ளப் பல ஆண்டுகள் காத்திருக்கிறோம். நம் பிள்ளைக்கு அத்தனை ஆண்டு அவகாசம். அடுத்த வீட்டுப் பிள்ளை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் வாயால் சொல்லிவிட வேண்டுமா?

அதே வேளையில் சபையின் கதவைப் பெயர்த்தெறிந்துவிடவும் இயலாது. வில்லியனூர் லூர்து மாதா கோவிலில் மெழுகுதிரி ஏற்றுவோரிடம் எவரும் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பதில்லை. அங்கு வருவோரில் பல மதத்தவரும் உண்டு. அதே கோவிலில் திவ்விய நற்கருணைப் பந்திக்கு வரம்பு உண்டு. முதலாவது அன்பு, இரண்டாவது கொடுமை என்று சொல்ல முடியுமா? இரண்டும் ஒரே வீட்டின் திண்ணையும் உள்ளறையுமாம். திண்ணையில் எவரும் அமரலாம் என்பதால் உள்ளறை இல்லாமற் போவதில்லை. ஆனால் திண்ணையில் செய்யவேண்டிய காரியத்துக்கெல்லாம் உள்ளறைக்குரிய சான்றிதழைக் கேட்பது தவறு. நம் சபைகள் பலவற்றில் நடப்பது இதுதான். பந்து விளையாடவும், நாடகத்தில் ஆட்டிடையனாக நிற்கவும், கதைப் புத்தகம் எடுத்துச் செல்லவும் எதற்கு ஐயா ஞானஸ்நானத் தேதி?

திருச்சபை இவ்வேறுபாட்டை முன்பே உணர்ந்து செயல்பட்டதற்கு நம் நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. பெல்ஜியம் நாட்டுக் குரு கார்டைன், பின்னாளில் கர்தினால் ஆனவர், 1925-இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தைக் கண்டார். கண்டறிதல், சீர்தூக்கல், செயற்படுதல் என்ற அவருடைய மூன்று படிகளை 1961-இல் பாப்பரசர் இருபத்துமூன்றாம் அருளப்பர் தம் சுற்றுமடலில் எல்லார்க்கும் பரிந்துரைத்தார். அதே முறையில் மாணவரிடையே பரவியது இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம். இந்தியாவில் அவ்வியக்கம் மற்ற மதத்து மாணவரையும் கண்டபோது, அவர்களை வெளியே நிறுத்தவுமில்லை; கிறிஸ்தவர் என்று எழுதிக்கொள்ளச் சொல்லவுமில்லை. 'இளம் மாணவர் இயக்கம்' என்ற பெயரில் உடன் நடக்கச் செய்தது. சாரணர் இயக்கத்தின் அடிக்குறிப்பு செய்த வேலையை இங்கு ஒரு பெயர் மாற்றம் செய்தது.

பங்குத்தந்தையிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் நெடுநேரம் அந்தப் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, "இவன் வாக்குறுதி சொல்ல வேண்டாம், சொல்லச் சொல்லவும் வேண்டாம். ஆனால் வரட்டும். அவன் காசையும் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். தந்தையிடம் நாமே சென்று, எதில் அவன் கலந்துகொள்வான், எதில் கலந்துகொள்ள மாட்டான் என்பதை விளக்கி, எழுதிப் படித்துக் காட்டிக் கையொப்பம் வாங்கினோம். பேர் மாறாது என்று பாட்டிக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது.

இத்தோடு எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுதிவிட்டால் அது பொய். சபைச் சிறுவர்க்கு நாடாவில் கோத்த சுரூபம் அணிவிக்கும் நாள் வந்தது. வரிசையாகச் சென்று அனைவரும் அணிந்துகொண்டனர். அவன் தாழ்வாரத் தூணருகே நின்றான். கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சட்டைப் பையில் விட்டு, எடுத்து, மறுபடியும் விட்டான். அடுத்த மூன்று ஞாயிறும் அவன் வரவில்லை. கூட்டத்தில் அன்று பேசிய பெரியவர், "பார்த்தீர்களா, அன்றைக்கே சொல்லவிட்டிருந்தால் பிள்ளை மனம் நொந்திருக்குமா?" என்று கேட்டார். நொந்தது உண்மைதான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் சுரூபம் கிடைப்பதற்காக ஒரு பிள்ளை பொருளறியாது சொல்லும் சொல், பிற்காலத்தில் அவன் பொருளறிந்து சொல்ல நேரும் சொல்லையும் கெடுத்துவிடும். கடவுளின் பெயரை நுழைவுச் சீட்டாக்கிக் கொடுத்தால், அவனுக்கு அது நுழைவுச் சீட்டாகவே இருந்துவிடும். நான்காம் ஞாயிறு அவன் தானே வந்து உண்டியலில் இரண்டு ரூபாய் போட்டான். மூன்று வாரத்துக்குச் சேர்த்து ஆறு ரூபாய் போடாததற்குக் காரணமும் சொன்னான்: வராத வாரத்துக்குக் காசு கிடையாதாம்!

இனி இக்காசின் மறுபக்கம். மற்றவர் பிள்ளையிடம் நாம் காட்டவேண்டிய இதே மரியாதையை நம் பிள்ளைகளுக்காக நாம் கேட்கவும் வேண்டும். நம் பெற்றோர் பலருக்கு இதில் கூச்சம் மிகுதி. நமக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றின் மகன் ஊரிலுள்ள இளைஞர் மன்றம் ஒன்றில் கபடி ஆட விரும்பினான். ஆயுத பூசையன்று எல்லா உறுப்பினரும் கற்பூரம் ஏற்றிக் கும்பிட வேண்டும் என்று அங்கே ஒரு வழக்கம். "கும்பிட்டால் என்ன குறைந்துவிடும்?" என்று மன்றத்தார் கேட்டனராம். நம் பெரியவர் கேட்டதும் இதே கேள்விதானே! பெற்றோர் வாய் திறக்கவில்லை. பையன் ஆட்டத்தை விட்டுவிட்டான். அவர்கள் மரியாதையோடு, "விழாவுக்கு வருவான், பெருக்குவான், தோரணம் கட்டுவான், கற்பூரம் மட்டும் ஏற்றமாட்டான்" என்று சொல்லியிருந்தால் அம்மன்றத்தார் மறுத்திருப்பார்கள் என்று நாம் நினைக்கவில்லை. கேட்காத உரிமையை யாரும் தட்டில் வைத்து நீட்டுவதில்லை.

உரிமை என்று நாம் சொல்வது வெறும் பேச்சன்று. அரசு அங்கீகாரம் அல்லது உதவி பெறும் கல்வி நிலையத்தில், தானோ, வயதுக்கு வராதவராயின் தன் பாதுகாவலரோ இசையாமல், எவரும் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்குகொள்ளக் கட்டாயமில்லை என்கிறது நம் அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவு. அது நம் கத்தோலிக்கப் பள்ளிகளையும் கட்டும் என்பதை நம்மவர் மறந்துவிடலாகாது. 1985-இல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்னும் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். நாட்டுப்பண் பாடப்படும்போது அவர்கள் மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. பாடுவது தங்கள் விசுவாசத்துக்கு ஒவ்வாது என்றார்கள். பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று பெயர்பெற்ற அவ்வழக்கில், 1986 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளக் கட்டளையிட்டது. அப்பிரிவினரின் போதனைக்கும் நம் போதனைக்கும் உள்ள தூரம் வாசகர்கள் அறிந்ததே. ஆயினும் அம்மூன்று பிள்ளைகள் அமைதியாக நின்ற அந்த நிலை, நம் பிள்ளைகளுக்கும் ஒரு நாள் நிழல் தரக்கூடிய மரமாக நிற்கிறது. குழந்தையின் மனச்சாட்சிச் சுதந்திரத்தை ஏற்கும் உலக நாடுகளின் உடன்படிக்கை 1989-இல் உருவாகி, 1992-இல் இந்தியாவும் அதில் சேர்ந்துள்ளது.

எம் பங்கில் இப்போது படிவம் மாறியிருக்கிறது. முதல் தாளில் பெயர், வயது, வகுப்பு, பெற்றோர் கையொப்பம் மட்டுமே. அதைக் கொடுத்தவர்கள் விளையாட்டு, நாடகம், புத்தகம், கோவில் வளாகத்துக் காய்கறித் தோட்டம் எல்லாவற்றிலும் சேரலாம். ஞானஸ்நானத்தைப் பற்றிக் கேட்கும் இரண்டாம் தாள், ஓராண்டு வந்து பழகிய பின், வாக்குறுதி கொடுக்க விரும்பும் நம் பிள்ளைகளுக்குத் தரப்படுகிறது. அவர்களுள்ளும் விருப்பமில்லாதவனை ஒருவரும் வற்புறுத்துவதில்லை. இது நம் பெற்றோர் சிலருக்குப் பிடிக்கவில்லை. உபதேசியார் வீட்டுப் பிள்ளையே சென்ற ஆண்டு, "எனக்கு இன்னும் ஒரு வருசம் வேணும்" என்று சொல்லிவிட்டபோது பெரும் பேச்சாயிற்று.

பிறந்த நாளை ஞானஸ்நான நாளாக எழுதிய அச்சிறுவன் இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கிறான். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பொறுப்பு அவனுடையது. கத்தரிச் செடிகளுக்கு நடுவே மற்றப் பிள்ளைகளை அவன் விரட்டும் விரட்டில் உபதேசியாரே ஒதுங்கிப் போகிறார். சுரூபத்தைப் பற்றி அவன் பிறகு ஒரு முறையும் கேட்கவில்லை. தானே கேட்கும் நாள் வந்தால் அவனுக்கு என்ன சொல்வது, அவன் வீட்டாருக்கு என்ன சொல்வது என்பதைப் பங்குத்தந்தையும் நாமும் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.